இடது பக்கத்துக் கார்ப்ரேட்டர்

“இடது பக்கம் இன்னைக்கும் சரியா வேலை செய்யலப்பா. வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு. காலையில கொஞ்சம் துடிப்பு இருந்துச்சு, அப்புறம் அப்படியே அடங்கிடுச்சு.”

பன்னீர்செல்வம் போனில் பேசுவதைக் கேட்டு, அவர் மனைவி வசுமதியிடம் பிளவுஸ் அளவு கொடுக்க வந்திருந்த சரோஜா தூக்கின கையைத் தூக்கினபடியே நின்றுவிட்டாள்.

“யாருக்குங்க? உங்க மாமனாருக்கா?”

“கையை எறக்குங்க. வண்டிக்கு,” என்றாள் வசுமதி.

“வண்டிக்கா?”

“வண்டிக்குத்தான். மனுஷ உடம்புக்கு வந்திருந்தா இந்நேரம் ஒண்ணு தேறியிருக்கும், இல்ல போய்ச் சேர்ந்திருக்கும்.”

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அந்த வீட்டுக்கு வருகிற யாரும் முன்னறையைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைக்காமல் உட்கார்ந்ததில்லை. சோபா இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு ஸ்டாண்டு. ஸ்டாண்டுமேல், வண்டியில் ஏற்றாத நாளில், இன்ஜின். இன்ஜினைச் சுற்றி எவர்சில்வர் தட்டுகளில் போல்ட், நட்டு, வாஷர் என்று பந்தி வைத்த மாதிரி இருக்கும். கிழக்கே பார்த்த ஜன்னல் அந்த வீட்டிலேயே முன்னறையில் இருக்கிற ஒன்றுதான். அதன் வெளிச்சம் முழுவதும் இன்ஜினுக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கூடுவாஞ்சேரியில் யார் வீட்டுக் கொல்லையிலோ கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நின்றிருந்த ராஜ்தூத் 350 அது. 1984-ஆம் வருஷத்து வண்டி. இரட்டை சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்ப்ரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் பக்குவமாய்க் கலந்து இன்ஜினுக்கு ஊட்டிவிடுகிற சாமான் அது. பன்னீர்செல்வம் வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது, “ஆறு மாசம், வசு. புது வண்டி மாதிரி பண்ணிடுவேன்,” என்றார்.

வசுமதியின் தையல் மிஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில், குழல் விளக்குக்கு அடியில் போனது. குவார்ட்டர்ஸ் பெண்களில் பாதிப் பேருக்கு அவள்தான் பிளவுஸ் தைக்கிறவள். ஆறு மாசம்தானே என்றுதான் அவளும் இருந்தாள்.

போன ஜூலையில், அந்த விளக்கு வெளிச்சத்தில், சரோஜாவின் கறுப்பு பிளவுஸுக்குக் கருநீல நூலைப் போட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டாள். சரோஜா அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே போய்விட்டு வந்தாள். வெயிலில் நின்றபோது நாலு பேர் கேட்டார்களாம். அன்றைக்குத்தான் வசுமதி முன்னறைக்கு வந்து, இன்ஜினுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“எனக்கு அந்த ஜன்னல் வேணும்.”

“வசு, இன்னும் கொஞ்ச நாள்…”

“எத்தனை நாள்? தேதி சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் கணக்கு உண்டே, இதுக்கும் சொல்லுங்க.”

அவர் நோட்டைப் புரட்டினார். வண்டிக்கென்று ஒரு நோட்டு இருந்தது. எந்தத் திருகு எத்தனை சுற்று, எந்தப் பிளக் என்ன நிறம், எல்லாம் தேதிவாரியாக. “நவம்பர் இருபத்து நாலாம் தேதி ஆர்.சி. பதினஞ்சு வருஷம் முடியுது. செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். அன்னைக்கு அது தானா ஓடிப்போய் நின்னு, இன்ஸ்பெக்டர் எதிர்ல அணையாம ஓடணும். ஓடலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறேன். இது சத்தியம்.”

“ஓடிடுச்சுன்னா?”

அவர் நோட்டை மூடினார். ஓடிவிட்டால் இன்னும் நன்றாக ஓட வைப்பார், வேறென்ன. ஜன்னல் கிடைக்க வேண்டுமானால் வண்டி ஓடக்கூடாது. வசுமதி அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டுதான் அடுப்படிக்குப் போனாள்.

*

அக்டோபர் கடைசியில் இன்ஜினை வண்டியில் பூட்டிக் கிளப்பினார்கள். கிளம்பியது. மெக்கானிக் திருவேங்கடம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவன். ஒரு காதில் பென்சில், இன்னொரு காதை எப்போதும் இன்ஜின்மேல் வைத்திருப்பான். அவனுக்கு நோட்டெல்லாம் கிடையாது.

“இன்னா சவுண்டு பாரு சார்! சிலிண்டர் போர்ட்டு ஓட்டைலாம் அரம் போட்டு அகலமாக்கிக் கீறேன். இனிமே மூச்சு இழுத்து வுடும் பாரு, சொம்மா ரயிலு மாதிரி.”

“எவ்வளவு அகலம் திருவேங்கடம்? நான் ஒன்றரை மில்லிமீட்டர்னு கோடு போட்டுக் கொடுத்தேனே.”

“அந்தக் கோட்டாண்டதான் சார் போட்டேன்.”

“கோட்டாண்டையா, கோட்டுலயா?”

“சார், வண்டி கோட்டைப் பாத்தா ஓடுது? காதைக் குடு. கேளு.”

கேட்டார்கள். ஆக்சிலரேட்டர் பிடியை முறுக்கினால் பாய்ந்தது. பிடியைத் தளர்த்தினால் இடது பக்கம் திணறும், கறுப்பாகப் புகையும், இருமும், நின்றுவிடும். இடது பிளக்கைக் கழற்றினால் மையில் தோய்த்த மாதிரி இருக்கும். வலது பிளக் நல்ல காபி நிறம்.

அன்றிலிருந்து இந்தச் சண்டை. நீ அளவு தப்பி ராவிட்டாய் என்று இவர். பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை நீங்கள் சொன்ன அளவில் போட்டதுதான் வம்பு என்று அவன். இடது கார்ப்ரேட்டரைப் பதினோரு தடவை கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, பெட்ரோலில் கழுவி, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, பம்பு வைத்து ஊதி மாட்டினார்கள். பதினோரு தடவையும் நோட்டில் ஏறியது. வீடு முழுக்க பெட்ரோல் நாற்றம். ரசத்தில்கூட.

“ஊதுனா காத்து ஜிவ்வுனு வருது சார். அடைப்புலாம் ஒண்ணும் இல்ல,” என்பான் திருவேங்கடம்.

“அப்போ உன் அரம்தான்.”

“அரத்து மேல பழி போடாத சார். அது எங்கப்பாரு அரம்.”

நவம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வசுமதிக்கு மாமல்லபுரத்தில் ஒரு வளைகாப்பு. “பஸ் எதுக்கு? பின்னாடி உட்காரு. கிழக்குக் கடற்கரைச் சாலை காலியா இருக்கும், வண்டிக்கும் ஒரு டெஸ்ட் ஆச்சு,” என்றார்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறினது அவள் தப்பு. சாலையில் வண்டி பறந்தது உண்மை. சவுக்குத் தோப்பெல்லாம் ஒரே பச்சைக் கோடாக ஓடியது. “பாத்தியா இழுப்பை!” என்று அவர் கத்தினார். அவள் கொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேகத்தடை வந்தது. வண்டி அணைந்தது. இருபது உதை. கிளம்பியது. அடுத்த வேகத்தடை. இருபத்து மூன்று உதை.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு நெருங்கியதும் அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

“வசு, நான் நிறுத்தமாட்டேன். மெதுவாப் போறேன். நீ எறங்கிக்கோ.”

“என்னாது?”

“நிறுத்தினா அணைஞ்சுடும். காலு வலிக்குது. குதிச்சுடு.”

“பட்டுப்புடவையில குதிக்கணுமா நானு?”

“சரி, ஒரு சுத்து சுத்தி வரேன். தயாரா இரு.”

பஸ் ஸ்டாண்டை மூன்று சுற்று சுற்றினார். முதல் சுற்றில் பூக்காரிகள் பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் வெள்ளைக்காரர் ஒருவர் கேமராவை எடுத்தார். மூன்றாவது சுற்றில் பூக்காரி ஒருத்தி, “ஏம்மா, எறங்கேன்! எவ்ளோ நேரம் சாமி ஊர்வலம் மாதிரி சுத்திகினு கீற?” என்று கத்தினாள். வசுமதி அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் பிடியைத் தளர்த்தினார். வண்டி இருமி, அணைந்தது. அவள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் உதைக்கிற சத்தம் வளைகாப்பு வீட்டு வாசல்வரை கேட்டது.

இன்னும் பத்து நாள், என்று எண்ணிக்கொண்டாள். பத்தே நாள். அப்புறம் ஜன்னல்.

*

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. பூஜைச் சாமான் தேய்க்கிற நாள். ஊதுபத்தி ஸ்டாண்டில் ஐந்து ஓட்டை, அதில் இரண்டில் பத்தி இறங்கவில்லை. அவள் வைத்த சந்தனம்தான் உள்ளே இறங்கி, காய்ந்து, கல்லாகிக் கிடந்தது. வாரா வாரம் நடப்பதுதான். வெந்நீரில் போட்டுவிட்டுப் புளியைக் கரைக்கப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தபோது, ஓட்டையிலிருந்து மஞ்சளாகச் சந்தனம் கரைந்து, தண்ணீரில் புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

வசுமதி புளிக்கையோடு அப்படியே நின்றாள்.

ஆயுத பூஜை. அக்டோபர் பதினெட்டு. வண்டி அப்போது பாகம் பாகமாகத்தான் கிடந்தது. பன்னீர்செல்வம் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, வாழையிலை போட்டு வரிசையாக வைத்தார். “ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பொட்டு வை வசு,” என்றார். கல்லில் அரைத்த சந்தனம். அவள் பிஸ்டனுக்கு வைத்தாள், ஸ்பேனருக்கு வைத்தாள், செயினுக்கு வைத்தாள். கார்ப்ரேட்டருக்கு எங்கே வைப்பது என்று புரட்டிப் பார்த்து, காற்றை இழுக்கிற வாய் சங்கு மாதிரி அழகாக விரிந்திருந்ததால், அந்த வாயின் உள்விளிம்பில் அழுத்தி வைத்தாள். கீழே கடுகு நுழையாத அளவில் இரண்டு ஓட்டை இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு வீட்டில் இருந்தது ஒரு கார்ப்ரேட்டர்தான். மற்றது செங்கல்பட்டில், திருவேங்கடத்தின் பட்டறையில் இருந்தது.

வீட்டில் இருந்தது இடதா வலதா என்று அவள் யாரையும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. மேஜைமேல் நோட்டு திறந்துதான் கிடந்தது. “18.10.99. ஆயுத பூஜை. இடது கார்ப்ரேட்டர் உட்பட 61 பாகங்கள். பொட்டு வைத்தாயிற்று.” பக்கத்தில் டிக்.

அவள் நோட்டை மூடி வைத்தாள். ஊதுபத்தி ஸ்டாண்டைத் துடைத்தாள். இன்னும் ஐந்து நாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய் சொல்லப்போவதில்லையே, யாரும் கேட்காததைச் சொல்லாமல் இருக்கப்போகிறாள், அவ்வளவுதானே. அன்று மாலை முன்னறைக்குப் போய், மிஷினுக்கு ஜன்னலோரம் எத்தனை முழம் வேண்டும் என்று அளந்துகூடப் பார்த்தாள்.

“என்ன அளக்கிற?” என்றார் அவர், பிளக்கைச் சுரண்டிக்கொண்டே.

“திரைச்சீலைக்கு.”

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருவேங்கடம் கடைசி முயற்சியாக வந்தான். வாசலில் வைத்துப் பன்னிரண்டாவது தடவையாகக் கழற்றி மாட்டினார்கள். உதைத்தார்கள். ஓடியது. இருமியது. நின்றது.

பன்னீர்செல்வம் ஸ்பேனரைக் கீழே போட்டார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் மோசமாக விழுந்தது.

“கெடுத்துட்டியே திருவேங்கடம். நல்ல சிலிண்டரு. உன் கையில கொடுத்தது என் தப்பு.”

திருவேங்கடம் காதிலிருந்த பென்சிலை எடுத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“இருபத்திரெண்டு வருஷமா இந்தக் கையிதான் சார். ஒருத்தன் வந்து கெட்டுச்சுனு சொன்னதில்ல.” துணியில் கையைத் துடைக்க ஆரம்பித்தான். விரல் விரலாகத் துடைத்தான். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனுக்கே ரெண்டு வாரமா தூக்கம் இல்ல. இன்னொரு வண்டியில கைய வெச்சா, அதுவும் அப்படிப் பூடுமோனு பேஜாரா கீது. நேத்து ஒரு பையன் பிஸ்டன் மாத்தணும்னு வந்தான், வேற எடம் பாருப்பானு அனுப்பிட்டேன். நான் வரேன் சார். அக்கா, வரேன்.”

வசுமதி வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் அரிசி. அரிசியில் கல் இல்லாமல் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

இன்னும் ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அவன் பெட்டியை மூடுகிறான். பட்டறையையே மூடுகிறவன் மாதிரி மூடுகிறான். இந்த மனுஷர் வேறு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மன்னிப்புக் கேட்கத் தெரியாமல்.

“சே!” என்றாள் அவள், முறத்தைக் கீழே வைத்து. “உட்காருப்பா திருவேங்கடம்.”

“இல்லக்கா, பஸ்ஸு…”

“உட்காருன்றேன்ல! என்னாங்க, நீங்களும் இப்படி வாங்க. இந்த வண்டியை நான் ஓட வெச்சா என்ன தருவீங்க?”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். திருவேங்கடத்துக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, இது இன்னா மிக்சியா?”

“நீ சிரி. என்னாங்க, சொல்லுங்க. ஓட வெச்சா ஜன்னல் எனக்கு. ஸ்டாண்டு, தட்டு, டின்னு எல்லாம் மாடிப்படிக்கு அடியில போவணும். நாளைக்கே. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும், இரும்புக்குப் போடவேணாம்.”

“வசு, விளையாட்டு நேரமா இது?”

“ஆமாவா, இல்லையா?”

“ஆமாம்மா, ஆமாம். ஜன்னல் என்ன, வீட்டையே எடுத்துக்கோ.”

“நீயும் கேட்டுக்கோ திருவேங்கடம், நீதான் சாட்சி. அந்த இடது பக்கத்துச் சாமானைக் கழட்டிக் குடு.”

அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை எவர்சில்வர் பேசினில் ஊற்றியதும் திருவேங்கடம் அலறினான்.

“அக்கா! அக்கா! தண்ணி ஆவாது! கார்ப்ரேட்டர்ல ஒரு சொட்டு தண்ணி போனாலே வண்டி படுத்துக்கும்! பெட்ரோலு தரேன், பெட்ரோலுல போடு!”

“பன்னெண்டு தடவை பெட்ரோல்ல போட்டீங்களே, போச்சா?”

“எது போவணும்?”

அவள் கார்ப்ரேட்டரை வெந்நீரில் முக்கினாள். பன்னீர்செல்வம் கையை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள். மூவரும் பேசின்மேல் குனிந்து நின்றார்கள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு, விளிம்புக்குக் கீழே இருந்த ஒரு பொடி ஓட்டையிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் புறப்பட்டு, தண்ணீரில் மெல்ல வளைந்து இறங்கியது.

திருவேங்கடம்தான் முதலில் முகர்ந்தான். பெட்ரோல் நாற்றத்தையும் மீறி, கோயிலுக்குள் நுழைந்த மாதிரி வாசனை.

“சந்தனமா?” என்றான். “சார்… சந்தனம் சார்!”

“இதுக்குள்ள எப்படிச் சந்தனம்?” என்றவர், கேட்கும்போதே மெதுவாக வசுமதியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பொட்டு வைன்னு சொன்னது யாரு?” என்றாள் அவள், அவர் வாயைத் திறப்பதற்குள். “உங்க நோட்டுல டிக்கு போட்டு வெச்சிருக்கீங்க. போய்ப் பாருங்க. ஒரு மாசமா தினம் அந்த நோட்டைப் படிக்கிறீங்களே, அந்த ஒரு வரி கண்ணுல படலையா?”

“நான் சொன்னது வெளியில வைக்க!”

“அதுக்கு உள்ள எது, வெளிய எதுன்னு எனக்கென்ன தெரியும்?”

திருவேங்கடம் பேசினுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “ஊதுறப்போ காத்து வந்துச்சேனு கொழம்பினேன். ரெண்டு ஓட்டை கீது சார், பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு அடைச்சிகினு கீது, காத்து வந்தது இன்னொரு ஓட்டை வழியா. பெட்ரோலுக்குச் சந்தனம் கரையாதுனு எவனுக்குத் தோணும்? காத்து போற வழி அடைஞ்சா பெட்ரோலு ஜாஸ்தியாவும், பிளக்கு கறுப்பாவாம இன்னா பண்ணும்?” பிறகு திடீரென்று நிமிர்ந்தான். “அக்கா, இது எப்போ தெரிஞ்சுது உனுக்கு?”

வசுமதி அடுப்பைத் தணித்தாள்.

“எப்போ தெரிஞ்சா என்னா? இப்போ சொன்னேனா இல்லையா?”

“திரைச்சீலைக்கு அளந்தியே, அன்னைக்கா?” என்றார் பன்னீர்செல்வம்.

“திருவேங்கடத்துக்கிட்ட மன்னிப்புக் கேளுங்க முதல்ல. அப்புறம் என்னை விசாரிக்கலாம்.”

அவர் திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் அரம் நல்ல அரம்தான்,” என்றார்.

“நாஸ்தா போட்டுக் குடு சார், சரியாப் பூடும்,” என்றான் அவன்.

மூன்றாவது வெந்நீருக்குத் தண்ணீர் தெளிவாக நின்றது. கார்ப்ரேட்டரைத் துடைத்து, ஊதி, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்து, ஆறு மணிக்கு மாட்டினார்கள். இரண்டாவது உதையில் கிளம்பியது. பிடியைத் தளர்த்தினார் பன்னீர்செல்வம். திருவேங்கடம் இன்ஜின்மேல் காதை வைத்தான். வண்டி நின்ற இடத்தில், இருமாமல், திணறாமல், ஒரே சீராகக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. திருவேங்கடம் பென்சிலை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டான்.

*

மறுநாள் செங்கல்பட்டில் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டார். வியாழக்கிழமை ஸ்டாண்டும் தட்டுகளும் மாடிப்படிக்கு அடியில் போயின. தரையில் மூன்று வருஷத்து எண்ணெய் வட்டம் போகவில்லை. வசுமதி அதன்மேல் பாய் போட்டு, பாய்மேல் மிஷினைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. ஜன்னல் வழியாக வெயில் நேராக ஊசிமேல் விழுந்தது. கறுப்பு நூலை ஒரே தடவையில் கோத்தாள். கறுப்பு கறுப்பாகத் தெரிந்தது. கருநீலம் தனியாகத் தெரிந்தது. சரோஜாவின் வெள்ளை ரவிக்கைத் துணி மடிப்புக் கலையாமல் பக்கத்தில் இருந்தது. வெள்ளை நூலை மாற்றிக் கோத்து, அதை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.

வெளியே ஒரு உதை. கிணுகிணுகிணு.

ஜன்னலுக்கு நேர் கீழே. போகிற சத்தம் இல்லை. நின்ற இடத்தில் ஓடுகிற சத்தம். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நீலப் புகை கம்பிகளுக்கு நடுவே மெல்ல எழும்பி, பாயைத் தாண்டி, வெள்ளைத் துணிமேல் வந்து படிந்தது.

“என்னாங்க! அதை அணைங்க!”

“வசு, இங்க வந்து பாரேன்! ஆறு நிமிஷமாச்சு, அணையவே இல்ல!”

“ஆபீஸுக்குப் போங்களேன்!”

“போறேன், போறேன். அது எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாத்துட்டு.” ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. கையில் நோட்டு. காதில், புதிதாக, ஒரு பென்சில். “ஆமா, அன்னைக்கு வெந்நீர் எத்தனை டிகிரி இருக்கும்? கொதிச்சுதா, கொதி வரப்போச்சா? வலது பக்கத்தையும் ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம்னு…”

வசுமதி எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். அறை இருட்டியது. நடையில் இருந்த குழல் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.